எண்ணெய் நுழையாத வீடு

என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டுக்கு யார் போனாலும் செருப்பைக் கழற்றினால் போதும். நாங்கள் இரண்டு பேர் போனால் மட்டும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அவர் சட்டையையே மாற்ற வேண்டும். அதற்கென்று கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய சட்டை தொங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் என்ன சாக்கடையிலா புரண்டுவிட்டு வருகிறோம்? பொரிப்புக் கடை வைத்திருக்கிறோம். மீனும் உருளைக்கிழங்கும் பொரித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறோம். சாயங்காலமானால் தெருவே எங்கள் கடை வாசலில் நிற்கும். அந்த மூன்றாவது மாடி வாசலில் மட்டும் நாங்கள் கொலைகாரர்கள்.

"கோவிச்சுக்காதம்மா. அந்த வாசனை உள்ள வந்தாலே எனக்கு நெஞ்சு அடைக்குது" என்பாள் அண்ணி. அவர் அக்காவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வேன்? கோபித்துக்கொண்டேதான் கை கழுவினேன். ஆனால் அவள் ஏன் அப்படி ஆனாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஒவ்வொரு தடவையும் கழுவினேன்.

அண்ணியின் புருஷன் லாரி ஓட்டினார். நல்ல மனிதர், சாப்பாட்டுப் பிரியர். அவர் சிரித்தால் மேசை ஆடும். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டார். மகள் எதிர் நாற்காலியில் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று அந்தக் குழந்தை கைகொட்டிச் சிரித்திருக்கிறது.

எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. கறியின் சாறு ஆறிப்போய், மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. அண்ணி அதை விரலால் தொட்டாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இதுதான். இதேதான் அவரு நெஞ்சுக்குள்ள இருந்திருக்கு" என்றாள்.

அழவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள். எண்ணெய்ப் புட்டி, வெண்ணெய், வாணலி எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு மாடியிலிருந்து இறக்கிக் குப்பையில் கொட்டிவிட்டு வந்தாள். அந்த வாணலி நான் வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு அதைக் கேட்கிற மனசு எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் பொரிந்ததில்லை, வதங்கியதில்லை. எல்லாம் வெந்ததுதான். கறியை வேக வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவாள். மறுபடி வேக வைத்து, ஆற வைத்து, மேலே படிவதைக் கரண்டியால் வழித்து எறிவாள். மிச்சம் இருப்பதைத் தின்பதற்குக் கயிற்றை மெல்லலாம். முட்டையில் மஞ்சள் கரு குப்பைத் தொட்டிக்குப் போகும். பாலைக் காய்ச்சி ஆடை எடுத்து, திரும்பக் காய்ச்சித் திரும்ப எடுத்து, கடைசியில் அது நீலம் பூத்துத் தண்ணீராக நிற்கும். கடலை, பாதாம் எதுவும் உள்ளே வரக் கூடாது. மகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். விளக்கெண்ணெய் ஒன்றுக்குத்தான் அந்த வீட்டில் அனுமதி என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

"அக்கா, உனக்குக் கொழுப்பே இல்லைன்னு யாரு சொன்னது? அவ்வளவும் வாயில இருக்கு" என்பார்.

"நீ முதல்ல உன் வயித்தைப் பாருடா" என்பாள் அண்ணி.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. இந்த மனுஷன் உடைந்த மீன், உதிர்ந்த மொறுமொறு, சட்டியின் அடியில் கிடப்பது ஒன்றையும் விடமாட்டார். கடைக்குக் கல்லாப்பெட்டி எதற்கு, இவர் வயிறே போதும் என்று நான் சொல்வதுண்டு. இரண்டு முழங்காலும் வீங்கி, அக்கா வீட்டுப் படி ஏறுவதற்குள் மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்குவார். மேலே அக்கா எலும்பும் தோலுமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறப்பாள். கதவு 'க்ரீச்' என்று கத்தும். இரண்டு பேரையும் ஒரே அண்டாவில் உருக்கி, பிரித்து ஊற்றினால் உருப்படியாக இரண்டு மனிதர்கள் கிடைப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அண்ணிக்கு ஒரு பெரிய விடுதியின் சலவைக் கூடத்தில் வேலை. கட்டடத்துக்கு அடியில், ஜன்னலே இல்லாத கூடம். விடிவதற்கு முன் இறங்கினால் இருட்டிய பிறகுதான் ஏறி வருவாள். வெயில் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு லீவு நாளில்தான் தெரியும். அந்த லீவு நாளிலும் துவைப்பதற்கு வீட்டுத் துணி இருக்கும். அங்கே அவள் வேலை படுக்கை விரிப்புகளை உதறுவது. இயந்திரத்திலிருந்து வரும் விரிப்பு முறுக்கிக்கொண்டு, ஈரம் சொட்டாமல் ஆனால் கனமாக இருக்கும். இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரே சமயத்தில் கையைத் தூக்கி, சட்டென்று இறக்க வேண்டும். துணி 'டப்' என்று அடித்து விரியும். சுருக்கம் போய்விடும். உடனே துணி தேய்க்கும் சூடான உருளைக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒருத்தி பிந்தினால் அடுத்தவள் தோளே கழன்றுவிடும். அண்ணி பிந்தியதே இல்லை. அவளோடு ஜோடி சேர ஆளுக்கு ஆள் போட்டி போடுவார்கள்.

அப்படி உதறும்போதுதான் முதல் எலும்பு போனது. துணி 'டப்' என்று அடித்தது, அண்ணியின் மணிக்கட்டும் அதோடு அடித்தது. இரண்டு சத்தம் கேட்டது என்று எதிர்முனையில் நின்ற ஜோடிக்காரி பிறகு சொன்னாள். விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை. ஒரு துணியை உதறியதில் கை உடைந்தது.

எலும்பு டாக்டரம்மாவிடம் நானும் கூடப் போனேன், என் வீட்டுக்காரரும் நொண்டிக்கொண்டே வந்தார், மகளும் வந்தாள். மகளை நாங்கள் ஊசி என்று கூப்பிடுவோம். சின்ன வயதில் அவள் இருந்த ஒல்லிக்கு அவள் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், வைத்த பேர். வளர்ந்தும் அப்படியேதான் இருந்தாள். வேலையும் அதற்கேற்ற மாதிரி அமைந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் விளக்கடியில் உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத திருகாணிகளை முடுக்குவாள். கை ஆடாது.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். திரும்பப் படத்தைப் பார்த்தாள்.

"உங்க வயசுக்கு இது எலும்பே இல்லம்மா. வெறும் கூடு. என்ன சாப்பிடறீங்க?"

அண்ணி பெருமையாகச் சொன்னாள். ஊசி இன்னும் பெருமையாக, விட்டுப்போனதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"நெஞ்சுக்குப் பயந்து குறைச்சீங்க, சரி. ஆனா இப்படி ஒரேடியா துடைச்சுட்டீங்களே! கால்சியம் எலும்புல ஏறணும்னா அதுக்கு ஒரு வைட்டமின் வேணும். அது தண்ணியில கரையாது, கொழுப்புலதான் கரையும். வயித்துல கொஞ்சமாவது எண்ணெய் இருந்தாத்தான் உடம்பு அதை எடுத்துக்கும். வெயில்லயும் கொஞ்சம் கிடைக்கும். நீங்க வெயிலையும் பாக்கறதில்ல, எண்ணெயையும் தொடறதில்ல, உடம்புல சதையும் இல்ல. அப்புறம் அந்த எலும்பு எதைத் தின்னு பொழைக்கும்?"

"அப்படிக் கேளுங்க டாக்டர்!" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க சிரிக்காதீங்க. உங்க முட்டி ஏன் வீங்கியிருக்குன்னு நினைக்கறீங்க? இந்த எடையைத் தாங்கித் தாங்கியே தேஞ்சிருக்கும். அது மேல நாள்பூரா பொரிச்சுக் கறுத்த எண்ணெய் வேற. மீனோட சொந்த எண்ணெய் மூட்டுக்கு நல்லது. அதைப் பொரிக்காம வேக வச்சுத் தின்னுங்க. அவங்களுக்குப் பத்தல, உங்களுக்கு மிஞ்சிப் போச்சு. ஒரே வீட்டுல பொறந்தவங்கதானா நீங்க ரெண்டு பேரும்?"

அவர் முகம் செத்துவிட்டது. வேக வைத்த மீனா! எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

பிறகு டாக்டரம்மா குரலை இறக்கி, அண்ணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அடுத்தது இடுப்பாக இருக்கலாம். இடுப்பு உடைந்தால் எல்லாரும் திரும்ப எழுந்து நடப்பதில்லை. அதற்குள் எலும்பைத் தேற்றியாக வேண்டும். மஞ்சள் கரு, மீன், ஒரு கைப்பிடி கடலை சாப்பிட வேண்டும். கூடவே அட்டை அட்டையாக மாத்திரை. பொன் நிறத்தில், கண்ணாடி மாதிரி, உள்ளே எண்ணெய் தளும்பும் குளிகைகள்.

திரும்பி வரும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் காலு போயிடக் கூடாதும்மா. மூணு மாடி. நான் படுத்துட்டா அவ வேலையை விட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்துடுவா. அவளுக்குன்னு ஒரு வாழ்க்கை இல்லாமலே போயிடும்."

"அப்ப டாக்டர் சொன்னதைச் சாப்பிடுங்க அண்ணி."

"சாப்பாட்டுல என்னால முடியாது. தொண்டையில இறங்காது. மாத்திரையைக் கண்டிப்பா போட்டுக்கறேன். ஒரு நாள்கூட விட மாட்டேன்."

விடவும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. போகும்போதெல்லாம் கேட்பேன், ஊசி காலி அட்டைகளை எடுத்துக் காட்டுவாள். "நானே என் கையால குடுக்கறேன் அத்தை. காலையில எழுந்ததும் முதல் வேலை அதுதான்." கட்டுப் பிரித்து அண்ணி வேலைக்கும் போக ஆரம்பித்தாள். அந்தச் சமயத்தில்தான் அந்த வீட்டுக் கதவு கத்துவதை நிறுத்தியது. கீலில் மஞ்சளாக என்னவோ மினுமினுத்தது. லேசாக மீன் வாடை. நாங்களே கொண்டுவந்ததாக இருக்கும் என்று நான் இன்னொரு தடவை கை கழுவினேன்.

அடுத்த சோதனையில் எலும்பு முன்னைவிட மோசம். டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினாள். "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" "ஒரு நாள் தவறல டாக்டர்" என்றாள் ஊசி. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. டாக்டரம்மா அளவைக் கூட்டி எழுதினாள்.

அப்புறம் ஒரு நாள் சலவைக் கூடத்தில் ஈரத் துணிக் கூடையை எடுக்க அண்ணி குனிந்தாள். நிமிர்ந்து திரும்பியபோது இடுப்பு முறிந்தது. விழுந்ததால் உடையவில்லை, உடைந்ததால்தான் விழுந்திருக்கிறாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செய்தி வந்தபோது எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினோம். பக்கத்துக் கடைக்காரர்தான் அணைத்தார்.

அறுவை முடிந்து, உள்ளே கம்பி வைத்து, கட்டிலில் போட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் நான் போனபோது ஊசி மாத்திரை கொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். அட்டையிலிருந்து ஒரு குளிகையைப் பிதுக்கினாள். சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். குளிகையின் ஓரத்தில் ஒரு குத்து. கை ஆடவே இல்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து அதற்குள் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்து, வெறும் தோலைத் துணியால் துடைத்து, அம்மா வாயில் வைத்தாள். அண்ணி தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

நான் புட்டியை எட்டிப் பார்த்தேன்.

"என்னடி பண்றே?"

"கொழுப்பை எடுத்துட்டுக் குடுக்கறேன் அத்தை. எப்பவும் இப்படித்தான். மருந்து போதும், எண்ணெய் எதுக்கு? இதுவும் வீணாப் போறதில்ல, கதவுக்குப் போட்டுடுவேன். இப்ப சத்தமே வர்றதில்ல, கவனிச்சீங்களா?" என்று புட்டியை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடிப்பாவி, அந்த எண்ணெய்தான்டி மருந்து என்று கத்தியிருப்பேன். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், ரொட்டி வாங்கி வா என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்காக விடிகாலையில் எழுந்து, தன் தொழிலின் திறமையையெல்லாம் காட்டி, ஒரு சொட்டு விடாமல் மருந்தை வெளியே எடுத்திருக்கிறது இந்தப் பெண். எலும்புக்குப் போக வேண்டியது கதவுக்குப் போயிருக்கிறது.

ஊசி ரொட்டி வாங்கக் கீழே போனாள். நான் அண்ணியின் காதருகே குனிந்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, எனக்கு அது வராது. அண்ணி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தாள்.

"பாலுல ஆடையை எடுத்தா பால் நிக்குதேம்மா" என்றாள். "அந்த மாதிரின்னு நினைச்சேன். நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி! என்கிட்டயாவது கேட்டிருக்கலாமே!"

"உன்கிட்டயா? நீ எண்ணெய்க்காரி. நீ குடின்னுதான் சொல்லுவே."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"அவகிட்டச் சொல்லாதே. அவங்கப்பா சாயும்போது சிரிச்சோம்னு இன்னும் அழறவ அவ. இதுவும் அவ கையாலன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

"அப்ப அவளும் இப்படியே தின்னு அவ எலும்பும் போகணுமா?"

"நான் பாத்துக்கறேன். அவ கண்ணு முன்னாடி நான் சாப்பிடறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு பாத்தா அவளுக்குப் பயம் விட்டுப் போகும். தானா சாப்பிடுவா. நீ வாயைத் திறக்காதே. எனக்கு வாக்குக் குடு."

கொடுத்தேன். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பயத்தை ஊட்டியவளே அதை எடுத்தால்தானே போகும்?

மறுநாள் ஊசி குளிகையைக் குத்த எடுத்தபோது அண்ணி தடுத்தாள். "குத்தாதே. அப்படியே குடு. டாக்டர் சொல்லிட்டாங்க." ஊசி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான்தான் ஏதோ ஓதியிருக்கிறேன் என்று அவளுக்குச் சந்தேகம். அம்மா பிடிவாதமாக இருக்கவே, நடுங்கும் விரலால் முழுக் குளிகையை வாயில் வைத்தாள். அந்தக் கை நடுங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு அம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அப்புறம் அண்ணிக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "தம்பியை ஒரு துண்டு மீன் கொண்டாரச் சொல்லு. வேக வச்சது வேண்டாம், அவன் கையால பொரிச்சதே வேணும். எவ்வளவு காலமாச்சு!" என்றாள். டாக்டரம்மாவைக் கேட்டேன். ஒரு துண்டுதானே, வாய்க்கு ருசியாகக் கொஞ்சம் சாப்பிடட்டும், எலும்பு தேறத் தெம்பு வேண்டும் என்றாள். என் வீட்டுக்காரர் புது எண்ணெய் ஊற்றி, அன்று வந்ததிலேயே நல்ல மீனாக எடுத்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டே பொரித்தார். பொரித்த மீனோடு, வாசலில் யாரும் கை கழுவச் சொல்லாமல் அக்காவிடம் அவர் போனது அன்றைக்குத்தான். அண்ணி மெல்ல மென்று சாப்பிட்டாள். விரலை நக்கினாள். "உப்பு கொஞ்சம் தூக்கல்டா" என்றாள்.

பாதி சாப்பிடும்போது ஊசி வேலை முடிந்து உள்ளே வந்தாள். அவள் போட்ட சத்தத்தில் அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. காகிதத்தைப் பிடுங்கி எறிந்தாள். "எங்கப்பா போனது பத்தலையா உங்களுக்கு?" என்று மாமாவின் மார்பில் குத்தினாள். "இல்லடி, நான்தான் கேட்டேன், உக்காரு, சொல்றேன்" என்று அண்ணி கெஞ்சினாள். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

நாள் கிடைக்கவில்லை. அந்த வாரத்துக்குள்ளேயே அண்ணிக்குத் திடீரென்று மூச்சுத் திணறியது. அசையாமல் படுத்திருந்த காலில் ரத்தம் கட்டியாகி, அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிட்டது என்றார்கள். இடுப்பு முறிந்து படுத்தவர்களுக்கு, மருந்து கொடுத்தாலும் சில சமயம் இப்படி ஆகிவிடுமாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டேதான் போனாள். ஊசி அன்றைக்கும் எதிர் நாற்காலியில்தான் இருந்தாள்.

டாக்டரம்மா ஊசியிடம் படித்துப் படித்துச் சொன்னாள், சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று. அது அவள் காதில் ஏறவே இல்லை. எண்ணெய் மாத்திரை, எண்ணெய் மீன், அப்புறம் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அவள் கண்ணால் பார்த்தது அதுதான். நடைவழியில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்கதான் கொன்னீங்க. இனிமே என் மூஞ்சியில முழிக்காதீங்க."

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார், நான் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவுக்கே தெரியும். யாராவது ஒரு சொல் சொன்னால் ஒன்பது சொல்லாமல் விட்டதில்லை. அன்றைக்கு அத்தனையையும் விழுங்கினேன். சொன்னால் அவள் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி ஆகும். கொலைகாரி பட்டம் என்னிடமே இருக்கட்டும் என்று விட்டேன். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்?

அவள் எங்கள் தெரு வழியாக வருவதை விட்டாள். கண்ணாடிக் கடைக்குச் சுற்றிக்கொண்டு போனாள். தூரத்தில் பார்த்தால் முன்னைவிட இளைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் பொரித்ததைத் தொடுவதை விட்டார். வேக வைத்த மீனை மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே தின்று, கொஞ்சம் இளைத்து, முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. அக்கா இருந்தபோது இதைச் செய்திருந்தால் அவள் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள். "அவ சாப்பிடறாளோ இல்லையோ" என்று ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் புலம்புவார். எனக்கும் அதே நினைப்புதான். அண்ணி என்னிடம் வாங்கிக்கொண்டு போன வாக்கு கழுத்தில் கயிறு மாதிரி இறுக்கியது.

போன வாரம் கண்ணாடி மாற்றப் போய்வந்த ஒரு வாடிக்கையாளர் எங்கள் கடையில் சொன்னார், அந்தப் பின்னறைப் பெண் வேலைக்கு வருவதில்லையாம். பேருந்தைத் திடீரென்று நிறுத்தியபோது கம்பியைப் பிடித்தாளாம், மணிக்கட்டு உடைந்துவிட்டதாம். சின்னப் பெண்ணுக்கு இப்படியும் உடையுமா என்று அவர் அதிசயப்பட்டார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

அண்ணிக்குக் கொடுத்த வாக்கா, அவள் மகளின் எலும்பா என்று யோசிக்க அதற்கு மேல் ஒன்றுமில்லை. மீனை வேக வைத்தேன், கொழுப்புள்ள மீனாகப் பார்த்து எடுத்து, மேலே நல்ல எண்ணெயாக ஒரு கரண்டி ஊற்றினேன். டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

கதவு 'க்ரீச்' என்று கத்திக்கொண்டு திறந்தது. கீல் காய்ந்து துருப்பிடித்திருந்தது. வலது கையில் மாவுக்கட்டோடு நின்றாள். கண் குழிவிழுந்து, அண்ணியையே பார்த்த மாதிரி இருந்தது. திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"கை கழுவிட்டு வாங்க" என்றாள், அம்மாவின் குரலில்.

கழுவினேன். முழங்கை வரைக்கும். பிறகு அவளை உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்து சொன்னேன். குளிகையை, ஊசியை, கதவை, அண்ணி என் கையைப் பிடித்துக் கேட்டதை, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்களும் எதையோ பிழிவது போல ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

"அப்ப நான்தானா அத்தை?"

இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் பொய் சொல்லி அவளைக் காப்பாற்ற முடியாது என்றுதானே ஏறி வந்திருக்கிறேன்.

"உனக்குத் தெரியாதுடி. உங்கம்மாவுக்கும் தெரியாது. ஏற்கெனவே கரைஞ்சு போயிருந்த எலும்பு. நீ குத்தாம இருந்திருந்தா தேறியிருக்கலாம், தேறாமலும் போயிருக்கலாம். அது யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சப்புறமும் அம்மா ஏன் என் கையாலேயே வாங்கி முழுங்கினாங்க?"

"நீ பாக்கணும்னுதான். நீ பாத்து, உன் பயம் போய், நீயும் சாப்பிடணும்னுதான். வேற எதுக்கு?"

அப்போதுதான் அழுதாள். அப்பா போனதற்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நான் தடுக்கவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, விளக்கைப் போட்டேன். டப்பாவைத் திறந்தேன். வாடை அறை முழுக்கப் பரவியது. அத்தனை காலத்துக்குப் பிறகு அந்த வீட்டுச் சாப்பாட்டில் எண்ணெய் நுழைந்தது அன்றைக்குத்தான்.

வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் நான்தான் ஊட்டினேன். முதல் வாயை வாங்கி, மெல்லாமல் வைத்திருந்து, விழுங்கினாள். உடனே இடது கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். துடிப்பு நின்றுவிடுமா என்று காத்திருந்தாள். நானும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். நெஞ்சிலிருந்து கையை எடுக்காமலே, அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.